சாம்பியனுக்கு நூறு வரை எண்ணுக

நாற்பத்திரண்டு வயது நிரம்பிய ஒருவர் பிறரிடம் அடி வாங்குவதை நிறுத்திக்கொள்ள விரும்பினால், அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்றுதான் சாதாரண மக்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். குத்துச்சண்டைச் சம்மேளனம் அவ்வாறு எண்ணவில்லை. 'இடிக்கை' என்று பட்டம் சூட்டி ஊரே கொண்டாடிய சாம்பியனும் அவ்வாறு எண்ணவில்லை என்பதுதான் வேதனை.

அவருடைய மனைவி தையற்காரி. கணவரின் விரல்கள் ஒரு பொத்தானைத் துளையில் மாட்டக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, எல்லாச் சட்டைகளிலும் பொத்தானை அகற்றி, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டையைத் தைத்தவள் அவள்தான். தலையில் இன்னொரு பலத்த அடி விழுந்தால், பிறகு தம்மிடம் அழைத்து வந்து பயனில்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். ஆகவே ஓய்வுக் கடிதத்தை அவளே எழுதி, கணவரிடம் கையெழுத்து வாங்கி, அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு சம்மேளன அலுவலகத்துக்குப் போனாள்.

செயலாளர் கடிதத்தை இருமுறை படித்தார்.

"என்ன சார் இது? தோத்தவன் ஓய்வு எடுக்கலாம். ஜெயிச்சிட்டு இருக்கிற நீங்க போனா, ஜனங்க எங்க சட்டையைப் பிடிக்க மாட்டாங்களா?"

"ஜெயிச்ச லட்சணம் தெரியாதா? போன தடவை மூணு முறை விழுந்தாரு," என்றாள் மனைவி.

"விழுந்தாரும்மா. பத்து எண்ணுறதுக்குள்ள எழுந்தாரா, இல்லையா?"

"ஒன்பதரைக்கு எழுந்தாரு."

"பாத்தீங்களா! அப்போ கோளாறு அவர்கிட்ட இல்ல, எண்ணிக்கையில இருக்கு. இருபது வயசுப் பையனுக்கும் பத்து, இவருக்கும் பத்து. இது என்ன நியாயம்?"

சாம்பியனின் முகம் மலர்ந்தது. "நானும் அதைத்தான் சொல்றேன். கொஞ்சம் நேரம் குடுத்தா எழுந்துருவேன்."

"உங்களுக்கு மூளை..." என்று தொடங்கிய மனைவி, மருத்துவர் சொன்னது நினைவுக்கு வரவே மீதியை விழுங்கினாள். சாம்பியனோ மேசைமேல் கிடந்த கடிதத்தைத் தாமே எடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மாதமே மூப்புச் சலுகை விதி பிறந்தது. முப்பத்தைந்து வயதைக் கடந்த சாம்பியன் களத்தில் 'தற்காலிகமாகக் கிடைநிலை எய்துவாராயின்', நடுவர் இருபது வரை எண்ணுதல் வேண்டும். அடுத்த போட்டியில் சாம்பியன் பதினெட்டில் எழுந்தார். வென்றுவிட்டோம் என்று கூட்டத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த எதிராளியை ஒரே குத்தில் சாய்த்தார். அடுத்த ஆண்டு இருபது ஐம்பதாயிற்று, ஐம்பது நூறாயிற்று. நடுவர் இடையிடையே தண்ணீர் குடிக்கவும் அனுமதி வழங்கப்பட்டது. ஓர் எதிராளி எழுபத்தெட்டு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊருக்குப் பேருந்து போய்விடும் என்று கிளம்பிவிட்டான். களத்தை விட்டு ஓடியவன் தோற்றவன் என்று தீர்ப்பாயிற்று. படுத்தபடியே வெற்றி வாகை சூடிய வீரரைச் செயலாளர் மாலை போட்டுப் பாராட்டினார்.

ஊருக்கும் இந்த மோகம் தொற்றியது. பத்து மணிக்கு அலுவலகம் வரவேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்து, "எனக்கு நூறு" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தக் கூத்து?" என்று மனைவி கேட்டாள்.

"மக்கள் ஆசைப்படுறாங்க."

"அவங்க ஆசைப்படுறது நீங்க விழுறதைப் பாக்க!"

நாற்பத்துநான்காம் வயதில், இரண்டாவது சுற்றில், சாம்பியன் விழுந்தார். இம்முறை பின்மண்டை பலகையில் மோதிய ஓசை கடைசி வரிசை வரை கேட்டது. நடுவர் எண்ணத் தொடங்கினார். எண்பத்தொன்று வந்தும் அசைவில்லை. செயலாளர் கண்ணைக் காட்டினார். நடுவர், "எண்பத்தொன்று... எண்பத்தொன்று..." என்று அங்கேயே நின்றார்.

மனைவி கயிற்றடிக்கு ஓடினாள். "டாக்டரைக் கூப்பிடுங்கய்யா!"

"எண்ணிட்டு இருக்கும்போது டாக்டர் உள்ள வந்தா இவர் தோத்ததா ஆயிடும்மா," என்றார் செயலாளர்.

"தோத்துத் தொலையட்டுமே!"

கயிற்றை விலக்கி உள்ளே நுழைந்து, கணவரின் தலையை மடியில் தாங்கினாள். அவர் கண் திறந்தார்.

"என்னங்க, எழுந்திரிங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் அவளை மரியாதையோடு பார்த்தார்.

"யாரும்மா நீங்க? டிக்கெட் வாங்கிட்டுத்தானே உள்ள வந்தீங்க?"

அரங்கம் ஒரு கணம் திகைத்தது. மறுகணம் வயிறு குலுங்கச் சிரித்தது. விழுந்து கிடக்கும்போதும் என்ன நகைச்சுவை! செயலாளர் அங்கேயே குறிப்பு எழுதுவித்தார்: 'சாம்பியன் முழுத் தெளிவுடன் உள்ளார். அத்துமீறி நுழைந்தவரை அடையாளம் கண்டு முறையாக வினவினார். ஆகவே மேலும் ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்படுகிறது.'

மனைவி கைப்பையிலிருந்து முன்வரிசை அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா இருக்கு. போய் உக்காருங்கம்மா. சாம்பியன் இப்போ வந்துருவாரு."

அரங்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் எழுந்து நின்று கைதட்டினார்கள்.