பயப்பட வேண்டாம் என்று அறிவித்த மகள்

கல்லடி,
ஆவணி, 2010

மதிப்புக்குரிய மச்சான் வல்லிபுரம் அவர்களுக்கு,

மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதத்தான் கை கூசுகிறது. கொழும்பில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மருமகள், என் மகள் சுலோஜனாவின் முதுகலைப் படிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உயிரியல் என்று சொல்லித்தானே சேர்த்துவிட்டீர்கள்? தவளை, மீன் என்று வாயில்லாச் சீவன்களோடு காலம் தள்ளுவாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இப்போது பார்த்தால் அதில் பாதி அறிவியல் தொடர்பாடலாம். கண்டுபிடித்ததை ஊருக்குக் கதைத்து விளங்கப்படுத்துகிற படிப்பாம். மச்சான், வாய் திறந்தவர்கள் எங்கே போனார்கள் என்று இந்த ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. கண்டதைக் காணவில்லை, கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தேன். சண்டைதான் முடிந்துவிட்டதே என்பீர்கள். முடிந்த செய்தியை என் வயிற்றுக்கு யாரும் இன்னும் அறிவிக்கவில்லை.

விடுமுறைக்கு வந்தவள் வந்த இடத்தில் சும்மா இருந்தாளா? போன கிழமை வாவியில் மீன் செத்து மிதந்தது. சுனாமியில் வந்த கடல் திரும்ப வரப்போகிறது, அதற்கு இது அறிகுறி என்று ஊரில் கதை கிளம்பியது. ஓட்டமாவடியிலிருந்து மீன் எடுக்க வரும் பக்கீர் காக்காவும் வெறும் பெட்டியோடு திரும்பிவிட்டார். இவள் தண்ணீரை அள்ளிச் சோதித்து, வெயிலில் ஒட்சிசன் குறைந்து மீன் மூச்சுத் திணறியது, கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கண்டுபிடித்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "பொதுமக்களுக்கு ஓர் அறிவித்தல், பயப்பட வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான், ஊரே ஓடியது. ஒட்சிசனை வெறும் வீடுகளுக்குத்தான் விளங்கப்படுத்தினாள். சுற்றிவளைப்புக்கும் இடப்பெயர்வுக்கும் ஊரடங்குக்கும் இப்படித்தானே தொடங்குவார்கள்? பயப்பட வேண்டாம் என்று ஒலிபெருக்கி சொன்னால் மூட்டையைத் தூக்கு என்றுதான் எங்களுக்கு அர்த்தம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நானும் ஓடினேன். ஒலிபெருக்கியைக் கட்டிக் கொடுத்தவனே நான், கேட்டது பெற்ற பிள்ளையின் குரல், இருந்தும் கால் நிற்கவில்லை. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் கையில் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரியின் ஆட்டுக்குட்டி.

பாலத்தடியில் காவலுக்கு நின்றவர் அறிவித்தது யார் என்று கேட்டார். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாத புள்ள, ஐயா" என்றேன். ஓட்டோவில் வந்து இறங்கியவள் அதைக் கேட்டுவிட்டாள். தன் பெயரையும் விலாசத்தையும் தானே கொடுத்தாள். இனி அனுமதி எடுத்துவிட்டு அறிவிக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். இவள் மறுநாளே போய் அனுமதி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அவள் பெயர் அங்கே பதிந்து கிடக்கிறது என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே பிள்ளை. நீங்கள் பேராசிரியரிடம் பேசி, கதைக்கிற பாதியை வெட்டித் தவளைப் பாதியை மட்டும் படிக்க விடச் சொல்லுங்கள்.

கண்ணகை அம்மன் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பயந்தபடி இருக்கும் உங்கள் மைத்துனன்
சாமித்தம்பி

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சுலோஜனா வந்து பக்கத்தில் இருந்தாள். "முதல் அலை வத்தினதும் அம்மா கோழியப் புடிக்கத் திரும்பிப் போனாவே, அப்பா. இன்னுமொண்டு வரும் எண்டு ஒராள் சொல்லியிருந்தா போயிருப்பாவா?" என்று மட்டும் கேட்டாள். உங்கள் தங்கை அன்னப்பூரணிக்கு அதைச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, மச்சான். எனக்கும் தெரியாது. பேராசிரியரிடம் ஒன்றும் பேச வேண்டாம். நாளைக்கு ஓட்டோவில் நானும் ஏறுகிறேன். ஒலிபெருக்கியை முதலில் நான்தான் பிடிப்பேன். "நான் சாமித்தம்பி கதைக்கிறன், ஓடாதீங்க, இது என்ட புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பேன்.