வால்வுச் சக்கரத்தைக் கொண்டுபோன அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் என் பொறுமையைச் சோதிக்காத பிளம்பர் கிடையாது. ஆனால் வீட்டுத் தண்ணீரையே பையில் போட்டுக்கொண்டு போனவர் ஒருவர்தான்: 'நாளைக்கு' அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். நிஜப் பெயர் எங்கள் கரமனைத் தெருவில் எவருக்கும் தெரியாது.

அவருக்குச் சட்டங்கள் இரண்டு. பழைய இரும்புக் குழாயோடு பிளாஸ்டிக்கைச் சேர்த்தால், பிளாஸ்டிக்கின் திருகு மரைதான் இரும்புக்குள் போகவேண்டும். மாற்றி முறுக்கினால் பிளாஸ்டிக் வாய் பிளந்துவிடும். அடுத்தது, பசை வைத்த இணைப்புக்கு முழுநாள் ஓய்வு. நம்மை நம்பாமல், தொட்டி வால்வின் சக்கரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தண்ணீர் எப்போது என்றால், "நாளைக்கு." ஒரு வங்கி மேனேஜர் முகத்துச் சோப்போடு ஆட்டோ ஸ்டாண்டு வரை துரத்திப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான்.

அப்பாவின் சிராத்தத்தன்று விடிந்ததும் எங்கள் குழாய் பிளந்தது. முந்தின நாள் ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று இரும்பைப் பிளாஸ்டிக்குக்குள் முறுக்கியது நான்தான்.

"இத எந்த மகராசன் முறுக்குனான்?" என்று கேட்டார் வந்து பார்த்த அண்ணாச்சி.

"நான்தான் அண்ணாச்சி."

"நல்லா இருக்கு சாமி. வேற ஒருத்தனால இப்படி முறுக்க முடியாது."

அரை மணியில் வெட்டி, மாற்றி, ஒட்டிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, பத்து மணிக்கு வாத்தியார் வரார். குளிக்காம அப்பாவுக்குப் பிண்டம் போட முடியுமா? நாளைக்குத் திதி இருக்காது!"

"பசைக்குப் பஞ்சாங்கம் தெரியாது சாமி."

போய்விட்டார். குடத்திலிருந்தது சமையலுக்கே காணாது. "விஷமம் பண்ணாதேங்கோ, கேட்டேளா" என்று என் மனைவி சொல்லச் சொல்ல, இடுக்கியால் வால்வைத் திருகினேன். இணைப்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. தொட்டித் தண்ணீர் முழுக்கக் கூடத்துக்கு வந்தது. தர்ப்பைக் கட்டு மிதந்து வாசல் வரை போய் வாத்தியாரை வரவேற்றது.

"நான் அடுத்த ஆத்துக்குப் போகட்டுமா? திரும்பி வரச் சாயங்காலம் ஆயிடும்" என்றார் அவர்.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பறந்து வந்தார். திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், எதிர்வீட்டுக் கிணற்றில் வாளி வாளியாக இறைத்தார், என் தலையில் ஊற்றினார். யார் இறைத்த ஜலம் என்று வாத்தியார் ஆசாரம் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.

"மந்திரத்தச் சொல்லுங்கோ மாமா. ஜலம் ஜலந்தான்" என்று என் மனைவி அவர் வாயை அடைத்தாள்.

சிராத்தம் நேரத்துக்கு முடிந்தது. மறுபடி குழாயை ஒட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம், திட்டாமல் ஏன் ஓடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க அய்யாவுக்கு முடியலன்னு ஆள் வந்தப்போ, இங்க ஒரு வீட்டுல ஒட்டிக்கிட்டிருந்தேன். நாளைக்குப் போவோம்னு இருந்துட்டேன். போனப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது" என்றார், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் வந்து தண்ணீரைத் திறந்துவிட்டவர், சக்கரத்தை மட்டும் தரவில்லை. "உங்க கையில இருந்தா ஆபத்து சாமி."

இப்போது கண் ஆபரேஷனுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். நேற்று போன் வந்தது.

"சாமி, உங்க சக்கரம் பையில கெடக்கு. பஸ்ல குடுத்து விடட்டா?"

"வேண்டாம். நீங்களே கொண்டு வாங்க."

"எப்ப வரட்டும்?"

"நாளைக்கே வாங்க அண்ணாச்சி" என்றேன்.