பிரெஞ்சு பாட்டிலில் கபசுரக் குடிநீர்

பாண்டிச்சேரியில் பிறந்தவனுக்குத் தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு தொல்லை உண்டு. கல்யாணமோ கருமாதியோ, வருகிறேன் என்று போனில் சொன்னதும் மறுமுனையில் குரல் தாழும். "வரும்போது ஒண்ணு கொண்டாறியா?" என்ன கொண்டுவர வேண்டும் என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் கடற்கரை இருக்கிறது, கோயில் இருக்கிறது, மாதா கோயிலும் இருக்கிறது. அதெல்லாம் அவர்கள் கண்ணில் படாது. பாட்டில் மலிவு என்பது மட்டும்தான் தெரியும். நான் குடிப்பதில்லை என்றால் நம்பவும் மாட்டார்கள். (பாண்டியில இருந்துக்கிட்டு குடிக்கிறதில்லையா, உடம்புக்கு ஏதாவதா என்று அக்கறையாக விசாரித்த பெரியப்பா ஒருவர் உண்டு.)

கொரோனா வந்த வருஷம், முதல் ஊரடங்கில், இந்த வழக்கத்தை நம்பி நான் ஒரு திட்டம் போட்டேன். என் அக்காவின் மாத்திரைக்காகப் போட்ட திட்டம். அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

அக்கா பெயர் செல்வி. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைப்பாள். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. காலையும் இரவும் மாத்திரை போட்டால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு முறை சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாத்திரையை மறந்து, மண்டபத்துச் சமையல்கட்டில் விழுந்துவிட்டாள். பக்கத்திலேயே அடுப்பு. தாடையில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றைக்குப் பிடித்த பயம் எங்களை விடவில்லை. அக்கா தனியாக ரோட்டைத் தாண்டக் கூடாது, பஸ்ஸில் ஏறக் கூடாது, கதவைத் தாழ்போட்டுக் குளிக்கக் கூடாது. அம்மா இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். விழுந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டுமாம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார், அம்மா கேட்கவில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் ஆகாது. "எனக்கு வலிப்பு வந்து வருஷக்கணக்குல ஆவுது. ஒங்களுக்குத்தான் தினம் வருது" என்பாள்.

மாத்திரை மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஊரடங்கில் புற நோயாளிப் பிரிவை மூடிவிட்டார்கள். டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி வரலாம் என்று சொல்லி, செல்போனிலேயே சீட்டு அனுப்பிவைத்தார். அந்தச் சீட்டைக் காட்டிக்கொண்டு திறந்திருந்த மருந்துக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ஸ்டாக் இல்லை. இன்னொரு கடையில் பெரிய கம்பெனி மாத்திரைதான் இருந்தது, அதையும் டப்பாவாகத்தான் கொடுப்பார்களாம். விலையைக் கேட்டுவிட்டு, "அப்புறம் வரேன்" என்று இறங்கிவிட்டேன்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். ஊரில் கல்யாணமே இல்லை. கேமராவுக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் ஊரடங்கைப் பற்றித் தெரியாமல் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் குமார் ஞாபகம் வந்தது. சித்தப்பா மகன். கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே முதல் ஊரிலேயே அவன் வீடு. அவன் தெருமுனையில் மலிவு விலை மருந்துக் கடை ஒன்று உண்டு. சீட்டை அனுப்பினேன். மாத்திரை இருக்கிறது, விலையும் நம் கைக்கு அடங்குகிறது என்று வாங்கியும் வைத்துவிட்டான். ஆனால் எல்லைக்குக் கொண்டுவர மாட்டேன் என்றான்.

"கொரோனா வந்துடும்டா. நீ வந்து எடுத்துக்க."

"எப்பிடிடா வர்றது? கட்டை போட்டு அடச்சிருக்கான்."

"தெறந்ததும் வா."

எப்போது திறப்பார்கள் என்று அரசாங்கத்துக்கே தெரியாது. அக்காவின் டப்பாவில் மறுநாள் காலைக்கு மட்டும்தான் மாத்திரை இருந்தது. நான் அந்த டப்பாவைப் பார்த்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "டேய், நம்ம வீட்டுக்கார முசியே ஒரு பிரெஞ்சு பாட்டில் குடுத்தாரு. எனக்கு எதுக்குடா அது?" என்றேன்.

"காலைல பத்து மணிக்குக் கோரிமேட்டுல நிக்கறேன்" என்றான். இரண்டு மாநிலத்திலும் மதுக்கடை மூடிக் கிடந்த சமயம் அது.

முசியே என்பது மாடியில் இருக்கும் வீட்டுக்காரர். பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பத்தை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள், அந்த வகை. அவர் எனக்குப் பாட்டில் கொடுத்தது உண்மைதான். காலி பாட்டில். பச்சைக் கண்ணாடி, கழுத்தில் தங்கக் காகிதம், வயிற்றில் கோட்டை படம் போட்ட லேபிள். அதில் அம்மா காய்ச்சிய கபசுரக் குடிநீரை ஊற்றிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் போய்த் திறக்கும்போதுதான் அவனுக்குத் தெரியும், அதற்குள் மாத்திரை நம் கையில். உடம்புக்கும் நல்லது. லேபிளைக் கிழித்துவிடலாம் என்றாள் அம்மா. நான் விடவில்லை. லேபிள் இருந்தால்தானே நம்புவான். (நானே என் அறிவைப் பார்த்து அசந்துபோன கணம் அது.)

"அவன்கிட்ட நேராச் சொல்லேன்டா, அக்காவுக்கு முடியலன்னு" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

காலையில் அக்கா கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். நான் ஸ்கூட்டரில் கிளம்பினேன். இரவு எட்டு மணி வேளைக்குள் மாத்திரை வீடு வந்துவிட வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் ஒரு ஈ காக்கா இல்லை.

கோரிமேட்டில் இந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி போட்ட எங்கள் ஊர் போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு போலீஸ், நடுவில் தடுப்புக் கட்டை. சிவப்புத் தொப்பிக்காரர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்தான்" என்று விட்டார். போனை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுவிட்டு, துணியில் சுற்றிய பாட்டிலை எடுத்துக்கொண்டு கட்டைக்குப் போனேன். கட்டைக்கு அப்பால் குமார் நின்றான். முகத்தைத் துண்டால் சுற்றி, அதன்மேல் ஹெல்மெட்டும் போட்டிருந்தான். கையில் மஞ்சள் பை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கையை நீட்டினேன். அவன் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுவதால் கத்த வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டான்: "பாட்டில் எங்கடா?"

குடை நிழலில் உட்கார்ந்திருந்த தமிழ்நாட்டு போலீஸ்காரர் எழுந்து வந்தார்.

"இன்னா பாட்டில்?"

"மருந்து சார்" என்றேன்.

"யாருக்கு?"

"இவனுக்கு சார்."

"இவரு இன்னா குடுக்கறாரு?"

"அதுவும் மருந்துதான் சார்."

"ஒருத்தருக்கொருத்தர் வைத்தியமா? எடு வெளிய."

எடுத்தேன். பச்சை பாட்டில் வெயிலில் பளபளத்தது. கோட்டை படம், தங்கக் காகிதம், உள்ளே கருஞ்சிவப்பாய் ஒரு திரவம். இனி நான் என்ன சொன்னாலும் எடுபடாது என்று எனக்கே தெரிந்தது. "கபசுரக் குடிநீர் சார்" என்றேன். சிவப்புத் தொப்பிக்காரரும் வந்துவிட்டார். யார் கேஸ் போடுவது என்று இருவருக்கும் பேச்சு ஆரம்பித்தது. நான் பாட்டிலைக் கட்டைக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தேன். அதன் கழுத்து தமிழ்நாட்டில் இருந்தது, அடி பாண்டிச்சேரியில் இருந்தது.

"மோந்து பாருங்க சார், தெரியும்" என்று கெஞ்சினேன். மோந்து பார்க்க வேண்டுமானால் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயே குடிச்சுக் காட்டு" என்றார் தமிழ்நாட்டுக்காரர்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். முகக்கவசத்தை இறக்கி ஒரே மடக்காகக் குடித்தேன். சாமானியக் கசப்பில்லை. மாப்பிள்ளை விருந்து என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அம்மா பொடியை இரண்டு பங்காகப் போட்டு மிளகும் தட்டிப் போட்டிருந்தாள். தொண்டையில் பாதி, மூக்கில் பாதி. புரையேறிவிட்டது.

இருமினேன். சாதாரண இருமல் இல்லை, கண்ணில் நீர் வழிய, கட்டையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து இருமினேன். தும்மினாலே தெரு காலியாகிற காலம் அது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் யாருமில்லை. போலீஸ்காரர்கள் எட்டப் போய்விட்டார்கள். குமார் மஞ்சள் பையை அப்படியே கட்டையின் ஆணியில் மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயேபோய்விட்டான்.

பை என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. "சார், அந்த மாத்திரை..." என்று நகர்ந்தேன். "அங்கயே நில்லு" என்று அதட்டினார் சிவப்புத் தொப்பி. யாரோ நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்தார்கள். அவ்வளவு தூரம் வெயிலில் வந்தவன் நெற்றி எப்படி இருக்கும்? ஜுரம் என்று காட்டியது. வெள்ளை உடையில் தலை முதல் கால்வரை மூடிய ஒருவர் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்.

"அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்கண்ணா. எங்க அக்காவுக்கு வலிப்பு" என்றேன். இருமலோடு சொன்னதில் அவருக்கு என்ன கேட்டதோ. "மொதல்ல வாயை மூடு தம்பி" என்று கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மஞ்சள் பை ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தபின் கதிர்காமம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ரிசல்ட் வரும்வரை அங்கேதான். நான் எத்தனையோ கல்யாணம் எடுத்த மண்டபம். தாலி கட்டுவதை எடுக்க நான் முண்டியடித்து நிற்கும் இடத்தில் என் கட்டிலைப் போட்டிருந்தார்கள். போன் ஸ்கூட்டர் பெட்டியில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்த நர்ஸ் பாவம், தன் போனைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு முழித்தேன். அக்கா நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. என் போனில் அது 'அக்கா' என்றுதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது. அதைப் போட்டுப் பார்த்தேன், கோரிமேட்டில் ஸ்கூட்டருக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆயிற்று. எட்டு மணி ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கத் திரும்பிப் படுத்தேன். மண்டபத்தில் எங்கே திரும்பினாலும் அந்தக் கல்யாணத்தில் அக்கா விழுந்து கிடந்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. வாயோரம் ரத்தம், சுற்றி நின்ற சனம், அடுப்பு. நேராகச் சொல் என்று சொன்னாளே, கேட்டேனா? பயத்தில் சோறு இறங்கவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். (அடுத்த கட்டில்காரர் எனக்கு மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.)

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"எங்க அந்தக் குடிகாரன்?"

ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன் கேரியர், தோளில் அந்த மஞ்சள் பை.

"மாத்திரை?" என்றேன்.

"நேத்து எட்டு மணிக்குப் போட்டேன். இன்னிக்குக் காலைலயும் போட்டேன். நீ இன்னா, இளைச்சிட்ட?"

"யாரு போய் எடுத்தா?"

"நான்தான்."

மனசாட்சி உறுத்தியோ என்னவோ, குமார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அம்மா ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாளாம். அக்கா குடையை எடுத்துக்கொண்டு கோரிமேட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னாலேயே அம்மா, சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. பாதி வழியில் அம்மாவுக்குத்தான் தலை சுற்றியிருக்கிறது. மர நிழலில் உட்கார வைத்துத் தண்ணி கொடுத்து, மீதி தூரத்துக்கு அக்காதான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போயிருக்கிறாள்.

"பை இருந்துச்சா?" என்றேன்.

"எவன் தொடுவான்? நீ இருமுன எடமாச்சே. சுத்திப் பிளீச்சிங் பவுடர் போட்டு வச்சிருந்தாங்க. அதத் தாண்டிப் போயி எடுத்தேன். தொடாதம்மா, கொரோனான்னாரு போலீசு. எனக்கு வலிப்பு சார், மாத்திரை போடலன்னா இங்கயே விழுவேன், பரவால்லியான்னு கேட்டேன். வழி வுட்டுட்டாரு. ஒன்ன எங்க வச்சிருக்காங்கன்னும் அவருதான் சொன்னாரு."

"நீ அவ்ளோ தூரம் நடந்து..."

"நேராச் சொன்னேன்டா. அவ்ளோதான்" என்றாள்.

சாயங்காலம் எனக்கு ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு குமார் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் என் கையில் ஒரு பாட்டில் கபசுரக் குடிநீரைக் கொடுத்து, "குடிச்சுக் காட்டு" என்பான். முசியே இன்னும் என்னைப் படியில் பார்த்தால் போலீஸ் எடுத்துக்கொண்ட அந்தப் பாட்டில் எங்கே என்று கேட்கிறார்.

ஆஸ்பத்திரி எப்போதோ திறந்துவிட்டது. மாத்திரை மறுபடி இலவசமாகக் கிடைக்கிறது. மாதாமாதம் அக்கா அதே மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போகிறாள். முதல் தடவை நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். "நீ வேணாம். இருமிடுவ" என்றாள். பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்தாள்.

"நான் வர்ற வரைக்கும் இதக் கெட்டியாப் புடிச்சிக்கினு ஒக்காரு. ஒனக்கு வந்துடப் போவுது."

இன்றைக்கும் அவள் கிளம்பும்போதெல்லாம் அந்தச் சாவிக்கொத்து என் கைக்கு வந்துவிடுகிறது. பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் திரும்பி வரும்வரை.