ஏழு மோட்டார்களும் ஒரு வரைபடமும்

வாசகரே, உங்களைத் தீர்ப்புச் சொல்ல அழைக்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும். குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆரணியில் எங்கள் தெருவின் ஏழு வீடுகள் ஒரே காலையில் தங்கள் மோட்டாரைப் பறிகொடுத்ததற்கு நானே முழுமுதற் காரணம். அந்த ஏழில் ஒன்று என் அம்மாவுடையது.

அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பேச்சுப் போட்டியில் வென்ற கோப்பைகள் (இரண்டுதான், ஆனால் உயரமானவை) எங்கள் டி.வி.க்கு மேல் வீற்றிருந்தன. அரை லிட்டர் பால் கேட்பதற்குக்கூட முன்னுரையும் முடிவுரையும் வைத்துப் பேசிய காலம் அது. இன்று அந்தப் பையனை நினைத்தால் கோபம் வரவில்லை. கூப்பிட்டு ஒரு சோடா வாங்கித் தரத் தோன்றுகிறது.

தெருவின் கடைசி வீட்டில் காஞ்சனா அக்கா இருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். போட்ட சாயத்தை அலச ஏராளமான தண்ணீர் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் திறக்கும் நகராட்சித் தண்ணீரோ அவர் குழாயை எட்டும்போது வெறும் சொட்டாகிவிடும்.

"இந்த மாசமும் இப்டியே இருந்தா சேத்துப்பட்டுக்குப் போயிடுவேன்பா. அண்ணன் ஊட்டாண்ட கெணறு கீது," என்றார்.

போக வேண்டியதில்லை, நகராட்சியை நான் புள்ளிவிவரத்தால் வளைக்கிறேன் என்று அவருக்கு வாக்களித்தேன். வீடுதோறும் ஒரு தாளைக் கொடுத்து, தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்கச் சொன்னேன். பெண்கள் கைப்பேசியில் நொடி பார்த்துக் குறித்தார்கள். சில நாட்களில் அது போட்டியாகவே மாறியது. எதிர்வீட்டு சரோஜா அத்தை என்னை நிறுத்தி, தன் வீட்டில்தான் எல்லாரையும் விட ஜல்தியாக ரொம்புகிறது, அதை மறக்காமல் போடு என்று கட்டளையிட்டார். போட்டேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது எங்கள் தெருவில் பலர் வீட்டு வழக்கம். நகராட்சியின் கண்ணில் படாதபடி அதன்மேல் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். சத்தத்தைத் தறிச் சத்தம் விழுங்கிவிடும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. நான் அதை மிக்சியைப் போல ஒரு வீட்டுச் சாமானாகவே கருதியிருந்தேன். (தெருவுக்கே நீதி கேட்கக் கிளம்பியவனின் அறிவு அவ்வளவுதான்.)

வார்டு கூட்டத்தன்று, வீட்டு எண்ணும் குடம் நிரம்பும் நேரமும் குறித்து நான் வரைந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். ஒரே குழாய், ஒரே தெரு, ஒரே வரி. பிறகு ஏன் ஒரு வீட்டில் அரை நிமிடம், ஒரு வீட்டில் இருபது நிமிடம், யார் செய்த பாரபட்சம் இது என்று முழங்கினேன். கைதட்டல் கூரையைத் தொட்டது. முதல் வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நகராட்சிப் பொறியாளர் அம்மையார் எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, தண்ணி முதல் வீட்டுப் பக்கமிருந்துதானே தெருவுக்குள்ள வருது? அப்ப ஒன்பதாவது வீடு முதல் வீட்ட விட எப்டி சீக்கிரம் ரொம்புது?"

பேச்சாளன் தயங்கலாமா?

"அதைத்தான் அம்மா நாங்களும் கேட்கிறோம்!" என்றேன்.

"ஒன்பதாம் நம்பர் யார் வீடு?"

"எங்கள் வீடுதான்," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அரங்கில் எவரும் இருமக்கூட இல்லை. சரோஜா அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மாவின் கண் சட்டென உலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. அந்த அமைதியை என் வாதத்தின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்து தண்ணீர் திறந்த காலையில் நகராட்சி ஊழியர்கள் என் வரைபடத்தின் நகலோடு வந்தார்கள். தேடவே இல்லை. ஏழு வீட்டுக் கதவை மட்டும் தட்டி, ஏழு தொட்டிகளை நிமிர்த்தி, ஏழு மோட்டார்களையும் வண்டியில் ஏற்றினார்கள். கடைசி மோட்டார் ஏறிய சற்று நேரத்தில் தெருக்கோடியிலிருந்து காஞ்சனா அக்காவின் குரல் வந்தது: "ஏ, இங்க வந்து பாருங்களேன், தண்ணி சொம்மா கொட்டுது!"

அவர் சேத்துப்பட்டுக்குப் போகவில்லை. ஆனால் சரோஜா அத்தை ஆறு மாதம் அம்மாவோடு பேசவில்லை. இன்றும் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும். "இருடா, மூடி வெக்க வேண்டியது எதுனா கீதான்னு பாத்துட்டு வரேன்," என்று எழுந்துவிடுவார் அம்மா.

மோட்டார்கள் போன அன்று மாலையே தெரு கூடிவிட்டது. என்னை நடுவில் நிறுத்தினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக முன்னுரை வரவில்லை, அடுக்குமொழியும் வரவில்லை. சரோஜா அத்தையைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

"இனிமே உங்ககிட்ட எந்தக் கணக்கு எடுத்தாலும், மொதல்ல உங்களுக்குத்தான் படிச்சுக் காட்டுவேன் அத்தை. நீங்க சரின்னு சொன்னப்புறம்தான் ஊருக்குச் சொல்லுவேன்."