இடப்பக்கம் திரும்பாத கழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே என் கழுத்து நீங்கலாக அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நம் இருவருக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால், நீ காலையில் எழுந்ததும் மூன்று தும்மல் தும்முவதும், மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்குவதும், "நெத்திக்கு மேல தடவிப் பாருங்க" என்று உன் மனைவி சொல்வதும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆகையால் நீ நலம் என்று அறிந்தே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்கா கடிதம் என்று சிரிக்காதே. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் வேறு எப்படித்தான் சொல்லித் தொலைப்பது? இது இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தைத் தபாலில் போட்டேன். அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும் ஒரே கதவு எண் இருந்ததால் தபால்காரர் குழம்பிப்போய் அதை என் பெட்டியிலேயே போட்டுவிட்டார். நான் எழுதியதை நானே பிரித்துப் படித்தேன். அப்பப்பா, என்ன திமிர் பிடித்த கடிதம்! கிழித்துப் போட்டுவிட்டேன். இதை உன் அண்ணியிடம் கொடுத்துத் துணிக்கொடிப் பக்கமாக அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தலை போகிற விஷயம். சரியாகச் சொன்னால் தலை போகாத விஷயம், ஏனென்றால் இடப்பக்கம் அது போகவே மாட்டேன் என்கிறது!

இதை முதலில் கண்டுபிடித்தவர் என் பஸ்ஸின் நடத்துனர். பணிமனையில் அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். இடது பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதற்காக நான் இடுப்போடு, தோளோடு, சீட்டு உறையோடு மொத்தமாகத் திரும்புவதை அவர் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணே, பஸ்ஸைத் திருப்புங்கன்னா நீங்க திரும்புறீங்களே!" என்றார். பயணிகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வலப்பக்கமாக. அதற்கப்புறம் முடிதிருத்துகிற கடையில் கடைக்காரர் பழக்கதோஷத்தில் என் தலையை இடப்பக்கம் ஒரு தள்ளு தள்ள, நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலியில் பாதி மீசையோடு இருந்த ஆள் துண்டைக் கழுத்தில் கட்டியபடியே தெருவுக்கு ஓடிவிட்டார். அன்றைக்கு எனக்கு ஒரு பக்கம்தான் வெட்டினார்கள். மறு பக்கத்துக்கு வேறு கடை தேட வேண்டியதாயிற்று. வீட்டிலோ இன்னும் மோசம். உன் அண்ணி எனக்கு இடப்பக்கம்தான் சாப்பிட உட்காருவாள், உனக்குத் தெரியும். "கொஞ்ச நாளாவே உங்க காதைப் பார்த்துத்தான் பேசிட்டு இருக்கேன். அதுவாவது ஒரு பதில் சொல்லுதா?" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பணிமனையில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். படமெடுப்பவர் என்னைப் பார்த்து, "சார், லேசா இடப்பக்கம்" என்றார். நான் என் வழக்கப்படி முழுசாகத் திரும்பினேன். என் முழங்கை விசிலை இடித்தது, விசில் மெக்கானிக்கை இடித்தார், மெக்கானிக் சாய்ந்த வேகத்தில் மேலாளர் கையிலிருந்த சூடான டீ மேலாளர் சட்டையிலேயே இறங்கியது. படத்தில் எட்டுப் பேர் சாய்ந்துகொண்டிருக்கிறோம், ஓய்வு பெற்றவர் மட்டும் நேராக நிற்கிறார். மறுநாள் மேலாளர் கூப்பிட்டுவிட்டார். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், மதிக்கிறேன். ஆனா கழுத்து திரும்பாத ஆளை நம்பி அறுபது பேரை எப்படி ஏத்தி அனுப்புறது? உடல்தகுதிப் பரிசோதனை வருது. தேறலைன்னா தொலைஞ்சுபோன சாமான் அறையில உட்காருங்க" என்றார். அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாருடையதென்றே தெரியாத ஒரு பல்செட். ஸ்டியரிங் பிடித்த கையால் குடைக்குச் சீட்டுக் கட்டுவதா? வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

உடனே மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, ஆனால் கேள்விகள் எல்லாம் போலீஸ் கேள்விகள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள், எவ்வளவு நேரம் தூங்குவீர்கள் என்று குடைந்தார். மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடுவதையும், நடுவில் ஏழு டீ குடிப்பதையும், அந்த ஏழு டீயையும் கடைசி நிறுத்தம் வரும்வரை அடக்கிவைத்திருப்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். அதில் 'குடும்ப வரலாறு' என்று இரண்டு கோடு இடம் விட்டிருந்தது. நம் குடும்ப வரலாற்றுக்கு இரண்டு கோடு எந்த மூலைக்கு? தனித்தாள் நான்கு வாங்கி, நம் அப்பா இந்த வீட்டைக் கட்டியதில் ஆரம்பித்து, நீ என் சைக்கிளை எடுத்துக்கொண்டுபோய்க் குளத்தில் விட்டது, நடுவில் சுவர் வைத்தது என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். 'குடும்பத்தில் வேறு யாருக்காவது நோய் உண்டா' என்ற கேள்விக்கு, 'தம்பிக்குப் பிடிவாதம்' என்று எழுதினேன். கோபித்துக்கொள்ளாதே, அப்போது தோன்றியதை எழுதினேன்.

அந்த அம்மா நான்கு தாளையும் படித்தார் தம்பி! சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றித்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு, விடாமல் படித்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்புல ஒரு குறையும் இல்ல. தசைதான் இறுகிப்போயிருக்கு. தூக்கம் கெட்டது, சாப்பாடு கெட்டது, நாள் பூரா ஒரே மாதிரி உட்கார்ந்தது எல்லாம் சேர்ந்திருக்கு. அதிருக்கட்டும், உங்க வீட்டுக்கு இடப்பக்கம் என்ன இருக்கு?" என்றார்.

"தம்பி வீடு" என்றேன்.

"எத்தனை வருஷமா அந்தப் பக்கம் பார்க்கல?"

வாசலில் இறங்கினால் வலப்பக்கம் பார்த்தபடி போவேன், திரும்பி வரும்போது தெருவைச் சுற்றிக்கொண்டு உன் வாசலைத் தாண்ட வேண்டாத கோடியிலிருந்து வருவேன், படுத்தால் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுப்பேன். ஒன்பது வருஷம்! அப்பா போன அன்றைக்கு நீ அத்தனை பேர் முன்னால், "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவே, பெத்தவருக்கு மட்டும் உனக்கு நேரமில்ல" என்றாய். நான், "செத்தாலும் இனி உன் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்றேன். எல்லோரும் கோபத்தில் சொல்கிற வார்த்தைதானே? மற்றவர்கள் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள். என் கழுத்து அதை அப்படியே கேட்டுக்கொண்டுவிட்டது.

உன்னிடம் சொல்லாததை அந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு முடியவில்லை என்று அன்றைக்கு நீ அனுப்பிய செய்தி வழியிலேயே எனக்கு வந்துவிட்டது. மாற்று ஓட்டுநர் இல்லை. வண்டி நிறைய ஆட்கள். இறங்கி ஓடியிருக்கலாம், ஓடவில்லை. மீதியிருந்த பதினான்கு நிறுத்தத்திலும் நிறுத்தி, ஆள் ஏற்றி, ஆள் இறக்கி, கடைசியில் வண்டியை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். நான் வந்தபோது அப்பா இல்லை. நீ சொன்னது பொய் என்றால் எனக்குக் கோபமே வந்திருக்காது. டாக்டரம்மா எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். பிறகு, "மனசுல இறக்கி வைக்காததைக் கழுத்து சுமந்துட்டு நிக்குது" என்றார். வேளைக்குச் சாப்பாடு, டீ இரண்டோடு சரி, தினமும் காலையில் பத்து நிமிஷம் மெதுவாக இடப்பக்கம் திரும்பி, ஏதாவது ஒரு பொருளை நிலைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

பார்க்கலாம், எதைப் பார்ப்பது? என் வாசலில் இடப்பக்கம் திரும்பினால் இருப்பது உன் ஜன்னல் ஒன்றுதான்! முதல் நாள் காலை ஆறு மணிக்கு நின்றேன். உன் அண்ணி பக்கத்தில் நின்று கணக்கெடுத்தாள். நேராகப் பார்த்தால் பன்னிரண்டு மணி, முழுசாக இடப்பக்கம் போனால் ஒன்பது மணி என்று வைத்துக்கொண்டோம். முக்கி முனகிப் பத்தரை வரை போனேன், ஓரக்கண்ணில் நீ தெரிந்தாய். சவரம் செய்துகொண்டிருந்தாய். தலை முழுக்க வெளுத்துவிட்டதேடா! எப்போது வெளுத்தது? சுவர் வழியாகத் தும்மல் கேட்கிறது, நரை கேட்கவில்லையே. அப்போது உன் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். நீ வலப்பக்கம் திரும்பினாய். எப்படித் திரும்பினாய்? இடுப்போடு, தோளோடு, சோப்பு நுரையோடு மொத்தமாகத் திரும்பினாய்! நான் வாசலிலேயே துள்ளிவிட்டேன். உன் அண்ணியை அனுப்பித் துணிக்கொடியில் விசாரித்தேன். நாம் இரண்டு பேரும் பேசாத இந்த ஒன்பது வருஷமும் அவர்கள் இரண்டு பேரும் அங்கே ஒருநாள் விடாமல் பேசியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "அவருக்கா? வலப்பக்கம் கழுத்து திரும்பி நாலு வருஷம் ஆச்சுக்கா" என்றாளாம் உன் மனைவி. உனக்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா? மறுநாளே மருத்துவமனைக்குப் போய், படிவத்தைக் கேட்டு வாங்கி, 'பிடிவாதம்' என்பதை அடித்துவிட்டு, 'உண்டு. தம்பி. வலப்பக்கம்' என்று திருத்திக் கொடுத்தேன்.

ஆனால் நீ என்ன செய்தாய்? நான் பார்ப்பதைப் பார்த்ததும் திரையை இழுத்து மூடிவிட்டாய். என் வைத்தியம் அத்தோடு நின்றது. வருகிற வெள்ளிக்கிழமை பரிசோதனை. ஆகையால் முற்றிலும் மருத்துவக் காரணத்துக்காக மட்டும் கேட்கிறேன், சமாதானம் என்றெல்லாம் நினைத்துவிடாதே: தினமும் காலை ஆறு மணிக்குத் திரையை விலக்கிவிட்டுப் பத்து நிமிஷம் ஜன்னலில் நில். பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம். நீ என் பக்கம் திரும்பினால் உன் கழுத்துக்கும் அதுவே வைத்தியம். இரண்டு பேருக்கும் ஒரே செலவில் முடியும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நாலு பக்கமும் நன்றாகத் திரும்பிப் பார்த்து, நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் அண்ணன்.

பி.கு.: உன் அண்ணி இதைப் படித்துவிட்டு, "இந்தப் பொய்யை எல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்" என்று மேசைமேல் எறிந்துவிட்டாள். அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன். பரிசோதனை போன திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. தேறிவிட்டேன். கழுத்து ஒன்பது மணி வரைக்கும் ஜோராகப் போகிறது. நீ திரையை மூடிய பிறகும் நான் பதினொரு நாள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் மொத்தம் இருபத்தேழு பூ, கீழ்வரிசையில் ஒன்றைக் கிழிந்த இடத்தில் வேறு நூலால் தைத்திருக்கிறது. ஆக, என் வைத்தியத்துக்கு நீ தேவையே இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து நில்லுடா. நான் திரும்பிப் பார்க்கிறேன்.