மேகங்களை அடைத்து வைத்தவன்

"தாயே, கயிறு இறுக்கமா இரிக்கோ? நோகுதெண்டா சொல்லுங்க."

மத்தளம் பட்டென்று நின்றது.

"டேய் சின்னப்போடி!" கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எழும்பியே வந்துவிட்டார். "மேகாந்தகன் ஆரெண்டு நினைச்சாய்? மேகங்களக் கட்டி இழுத்துக்கொண்டு போய் மலைக்குகைக்குள்ள அடைச்சுவெச்ச அரக்க ராசா. உலகம் தண்ணியில்லாம வெடிச்சுக் கிடக்கிறதச் சிரிச்சுக்கொண்டு பாத்திரிக்கிறவன். அவன் நோகுதோ எண்டு கேப்பானா?"

மேகக்கன்னியாக இடுப்பில் கட்டுண்டு நின்ற குணம் மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கு உண்மையா நோகுது அண்ணாவியார்" என்றான்.

காரைதீவில் அந்த வருடக் கூத்துக்கு அரக்க ராசாவாகச் சின்னப்போடியைத் தெரிந்தெடுத்ததில் பிழையில்லை. பனைமரம் போல உடம்பு. கடற்கரையில் நின்று கூப்பிட்டால் கல்முனைச் சந்தையில் ஆள் திரும்பிப் பார்க்கும் குரல். ஆனால் அந்தக் குரலை அவன் மாட்டுக்குக்கூடச் செலவழித்ததில்லை. "போவமா மனே?" என்று கேட்டுத்தான் ஏரில் பூட்டுவான்.

முதல் நாள் அவனும் சந்தோசமாகத்தான் கோயில் முன்றலில் வெற்றிலை வைத்து வேஷத்துக்குரிய பாட்டை வாங்கினான். மறு கிழமைதான் தரகர் சீனித்தம்பி வந்து தலையில் இடியைப் போட்டார்.

"தம்பிலுவில்ல ஒரு நல்ல இடம். புள்ளைக்குப் பேர் மீனாம்பிகை. தாய்க்காரி கூத்துப் பாக்க வாறாவாம். மாப்பிள எப்பிடிப்பட்ட ஆளெண்டு களரியிலேயே பாத்திருவாவாம்."

சின்னப்போடிக்கு முன்பே இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டில் போய் இருக்கவேண்டும். எந்தத் தாய் ஓர் அரக்கனைக் கூட்டிவந்து தன் வீட்டுக்குள் விடுவாள்?

"அண்ண, வேஷத்தத் திருப்பிக் குடுக்கட்டா?"

"கோயில்ல வெத்தில வெச்சு வாங்கினதத் திருப்பிக் குடுக்கிறதா? தெய்வக் குத்தமடா! நீ ஒண்டுக்கும் யோசிக்காத. நான் எல்லாம் பக்குவமாச் சொல்லி வெச்சிரிக்கன்."

வேஷத்தை விட முடியாது. அரக்கனையாவது கொஞ்சம் நல்லவனாக்கலாம் என்றுதான் கயிற்றைப் பற்றிக் கேட்டான். அதற்குத்தான் அந்த ஏச்சு.

அடுத்த நாள் கல்முனைக்குப் போய், கூத்து உடுப்புத் தைக்கும் ஜவுபரைப் பிடித்தான். "மச்சான், அந்தக் கறுப்புத் துணிய விட்டுப்போட்டு இளம் பச்சையில தை. கோரப்பல்லும் வேணாம்."

ஜவுபர் தையல் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கதை முழுவதையும் கேட்டபிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது.

"உடுப்ப மாத்தி என்ன செய்ய மச்சான்? ஆண்டவன் ஒருத்தனையும் கெட்டவனாப் படைக்கல்ல. ஒங்கட அரக்கனுக்கு உம்மா வாப்பா இல்லியா? சின்னப்புள்ளையா இரிக்கக்குள்ள அவனுக்கு என்ன நடந்த? அதச் சொல்லு. சனம் கோவிக்காது."

திரும்பி வரும் வழியெல்லாம் சின்னப்போடி அதையே யோசித்தான். மழையை வெறுக்கிறவனுக்கு மழை என்ன செய்திருக்கும்? வயல் வரம்பில் நடக்கும்போது அவனுக்கு விளங்கியது. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் அந்த வரம்பையும் கொண்டுபோயிருந்தது.

அடுத்த முறை கூத்துப் பழகும்போது, யாரிடமும் கேளாமல், அரக்க ராசா ஒரு பாட்டைப் புதிதாகப் பாடினான். மேகாந்தகன் சிறுவனாக இருந்தபோது ஒரு மாரியில் ஆறு பெருகி வந்தது. அவனை மரக்கிளையில் ஏற்றிவிட்டுத் தாய் தண்ணீரோடு போனாள். 'இனி ஒரு பிள்ளையின் தாயையும் நீ கொண்டுபோகக்கூடாது' என்று மழையைப் பார்த்துச் சொல்லித்தான் அவன் மேகங்களைப் பிடித்து அடைத்தான்.

பார்க்க வந்திருந்த பெண்கள் விம்மினார்கள். மேகக்கன்னியின் மீசை நனைந்தது. இளவரசன் வேஷக்காரன் நல்லரெத்தினம் அரக்கனைக் கொல்ல வாளை ஓங்கியதும் ஒருத்தி எழுந்து கத்தினாள். "வெட்டாத மனே! அது தாயில்லாத புள்ள!"

நல்லரெத்தினம் வாளை வீசி எறிந்தான். "நான் இளவரசனா, இறைச்சிக்கடைக்காரனா?"

அண்ணாவியார் தலையில் கைவைத்தார். பாட்டு வெட்டப்பட்டது. போதாததற்கு மேகாந்தகனுக்குப் புதிய கொடுமைகள் சேர்க்கப்பட்டன. முனிவரின் தாடியைப் பிடித்து இழுக்கவேண்டும். பசுவை உதைக்கவேண்டும். ஆச்சிரமத்துக்குத் தீ வைக்கவேண்டும்.

"ஒருத்தற கண்ணிலயும் தண்ணி வரப்படாது, விளங்கிச்சா?"

"ஓம் அண்ணாவியார்."

கூத்தன்று களரி நிறைந்துவிட்டது. முன்பாயில் வெற்றிலைத் தட்டோடு இருந்த புதிய அம்மாவைக் கண்டதுமே சின்னப்போடிக்குத் தெரிந்துவிட்டது. இனி எதையும் மறைப்பதற்கில்லை. ஊர் நம்பித் தந்த வேஷத்தையாவது ஒழுங்காக ஆடுவோம் என்று கடவுளை நினைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அவன் போட்ட சத்தத்தில் குழந்தைகள் வீரிட்டன. தாடி இழுபட்டது. பசு உதை வாங்கியது. அந்த அம்மா வெற்றிலையை வாயில் வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழக்கு வெளுக்கும் வேளையில் கடைசி யுத்தம். இளவரசனும் அரக்கனும் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். திடீரென்று நல்லரெத்தினத்தின் காற்சதங்கை அவிழ்ந்து கயிறு நிலத்தில் இழுபட்டது. அடுத்த சுற்றில் அதை மிதித்தால் முகங்குப்புற விழுவான்.

சின்னப்போடி யோசிக்கவேயில்லை. வாளைக் கீழே வைத்தான். முழந்தாளிட்டு, இளவரசனின் காலைப் பிடித்து, சதங்கையைக் கட்டத் தொடங்கினான்.

சனம் கொல்லென்று சிரித்தது. நல்லரெத்தினத்துக்கு முகம் சிவந்தது. இன்னும் முடிச்சுப் போட்டு முடிக்காத அரக்கனின் கழுத்தில் ஓங்கி ஒரு வெட்டு வைத்தான். கூர் இல்லாத கூத்துவாள் என்றாலும் நொந்தது. களரியில் "ஓ!" என்றொரு சத்தம் எழுந்தது.

மேகாந்தகன் செத்துக் கிடந்தான். மேகக்கன்னி விடுதலையாகி வாழ்த்துப் பாடினாள். கண்ணை மூடிக் கிடந்த சின்னப்போடிக்கு ஒன்று மட்டும் விளங்கியது. கொடியவனாகவும் தோற்றாயிற்று, கோமாளியாகவும் தோற்றாயிற்று. தம்பிலுவில் இனிக் கனவுதான்.

கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் இருந்தவனிடம் சீனித்தம்பி ஓடிவந்தார்.

"மாப்பிள வேணாமாமடா."

"தெரியும் அண்ண." கழுத்தைத் தடவிக்கொண்டான். "அவவில பிழையில்ல. பசுவ உதைக்கிறவன ஆரு எடுப்பா?"

"அதில்லடா..." சீனித்தம்பி திரையைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் திரை விலகியது. வெற்றிலைத் தட்டோடு அந்த அம்மா உள்ளே வந்து, சின்னப்போடியை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுத் தரகரின் பக்கம் திரும்பினார்.

"நீ மாப்பிள எண்டு சொன்ன அந்த இளவரசன் எங்களுக்கு வேணாம் சீனித்தம்பி. இந்த அரக்கனுக்குக் கலியாணம் முடிஞ்சிற்றா?"