வியாழக்கிழமைதோறும் அறுபது மைல்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சமீபகாலமாக நான் நம்புவது இது ஒன்றைத்தான்.

விஷயம் இதுதான். உங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போன அமெரிக்கக் காரை யாரோ ஓட்டுகிறார்கள். மகாயுத்தத்துக்கு முந்தின வண்டி, மடக்குகிற துணிக்கூரை, எட்டு சிலிண்டர், பின்னால் பயணப்பெட்டி வைக்கத் தனித் தட்டு, ஒன்பது வருஷம் ஒவ்வொரு திருகாகத் தேடிப்பிடித்து நான் புதுசாக்கி வைத்த வண்டி. அதைத் திருடிக்கொண்டு போனாலும் ஒரு நியாயம் உண்டு. இவன் எடுத்துப்போய்ச் சுற்றிவிட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறான். வியாழக்கிழமை நான் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினால் மைல் மீட்டரில் அறுபது மைல் கூடியிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, பெட்ரோல் டாங்கியில் நான் விட்டுப்போனதைவிட அதிகம் இருக்கிறது. எந்தத் திருடன் மச்சான் பெட்ரோல் போடுவான்? அங்கேதான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

முப்பத்தொரு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து கடை கடையாக எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தவன் நான். சும்மா இருப்பேனா? ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்க மறந்துபோன முத்திரை இடுக்கி அலமாரியில் இருக்கிறது (இதை யாரிடமும் சொல்லவேண்டாம்). ஸ்டீயரிங்கையும் பிரேக் பெடலையும் சேர்த்துக் கம்பி கட்டி ஈய முத்திரை குத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் முத்திரை அப்படியே இருக்கிறது, மீட்டரில் அறுபது மைல் கூடியிருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் குத்தினால் எப்போதும் கொஞ்சம் ஓரமாக விழும். இது நட்டநடுவில் விழுந்திருந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் முத்திரை வேலை இருந்தால் எனக்குக் கம்பி முறுக்கித் தருபவள் உங்கள் தங்கைதானே, அவளிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டேன். "நல்லாத்தானே வந்திருக்கு" என்றாள்.

என் சந்தேகமெல்லாம் கூரை தைத்த சீட் தையல்காரர் மேல்தான். ஆள் குள்ளம். டிரைவர் சீட்டோ நாலு விரல்கடை முன்னால் நகர்ந்திருக்கிறது. துணிக்கூரையை நான் மடித்தால் மூட்டை கட்டின மாதிரி இருக்கும், இப்போது இஸ்திரி போட்ட மாதிரி மடிந்து கிடக்கிறது. நேரில் போய் அவரை மடக்கிக் கேட்டேன். "சார், எனக்கு சைக்கிளே நேரா ஓட்ட வராது" என்றார், கையில் ஊசியோடு. திருடன் வேறு என்ன சொல்வான்? அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் தாங்கள் தயார் செய்யவேண்டும். கொஞ்சம் காரமாகவே இருக்கட்டும்.

உங்கள் தங்கை இந்த விசாரணையில் ஒத்துழைக்க மறுக்கிறாள். "வண்டின்னா ஓடத்தானே செய்யும்? தொட்டா என்ன, தேஞ்சா போயிடும்?" என்கிறாள். பாவம், இந்தக் கவலையிலேயே முகமெல்லாம் கறுத்துவிட்டது, வெயிலில் அலைந்தவள் மாதிரி இருக்கிறாள். நான் ஓய்வு பெற்றதும் இந்த வண்டியில் கடற்கரையோரமாகவே நாலு ஊர் போய்வருவோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், மறக்கவில்லை. முன்பலகையில் வைக்கவேண்டிய அசல் கடிகாரம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று வருஷமாகத் தேடுகிறேன். "கடிகாரம் இல்லாம கார் ஓடாதா?" என்று கேட்டாள். போகிற இடத்தில் மணி என்ன என்று தெரியவேண்டாமா மச்சான்? இப்போதெல்லாம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அது வேறு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முடிவாகச் சொல்கிறேன். இந்த வண்டியைக் காட்சிக்கு வைக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற மியூசியத்துக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார். திருடன் அகப்படாவிட்டால் வண்டியை அவரிடமே கொடுத்துவிடுவேன், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தனும் தொடமுடியாது. அதற்கு முன் கடைசி முயற்சியாக நாளை வியாழன் சங்கத்துக்குப் போகிற மாதிரி கிளம்பி, பின்பக்கமாக வந்து, பின்சீட்டுக்குக் கீழே போர்வைக்குள் படுத்துக்கொள்ளப் போகிறேன். பிடித்த கையோடு இதைத் தபாலில் போடுவேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு வணக்கங்கள். கதவை நன்றாகப் பூட்டிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: பென்சில் எழுத்து, கோணல்மாணலாக இருக்கும், மன்னிக்கவும். ஓடுகிற காரில் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். நோட்டீஸ் வேண்டாம். தையல்காரரிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நாலு தடவை இருமிக் கிளம்புகிற எஞ்சின், ஒரே தடவையில் கிளம்பியது. கியர் மாறுவது காதில் விழவே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். உங்கள் தங்கை. தலையில் துணி கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஓட்டுகிறாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று இத்தனை வருஷத்தில் தாங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாங்களும் இதில் கூட்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைப் பிறகு பேசிக்கொள்வோம். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தே வெகுநாள் ஆகிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுந்திருக்க மனசு வராமல் ஊர் எல்லை தாண்டும்வரை அப்படியே கிடந்தேன். இப்போதுதான், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறாள்: "கால் மரத்துப் போயிருக்கும். எழுதினது போதும், முன்னால வந்து உக்காருங்க. பெட்டியில உங்களுக்கும் நாலு நாளுக்குத் துணி வெச்சிருக்கேன்."

மியூசியத்துக்காரருக்கு வெள்ளிக்கிழமை வீட்டில் ஆள் இல்லை என்று தாங்களே தகவல் சொல்லிவிடவும். நான் முன்சீட்டுக்குப் போகிறேன். மணி என்ன என்று தெரியவில்லை. பரவாயில்லை.